சார்ல்ஸ்டன் உணவு நடைச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மவுன்ட் பிளசன்டில் நாங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீட்டுக்கு விருந்தினர் வரும்போதெல்லாம் அவர்களைப் பழைய நகரத்தின் உணவு நடைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அட்லாண்டாவிலிருந்து வரும் தம்பி குடும்பமானாலும் மதுரையிலிருந்து வரும் அத்தையானாலும், புறப்படும் முன்பு கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

சாப்பிடப் போறதுக்கு எதுக்கு ஒரு வழிகாட்டி? அந்தக் காசுக்கு நல்ல ஓட்டல்லயே உட்கார்ந்து சாப்பிடலாமே?

சாப்பிடலாம், பசியை ஆற்றுவது மட்டும் நோக்கமென்றால் அதுவே சிக்கனமான வழி. உணவு நடைச் சுற்றுலா என்பது பத்து முதல் பதினாறு பேர் கொண்ட ஒரு சிறு குழு, ஒரு வழிகாட்டியுடன் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை தெருத்தெருவாக நடந்து, நான்கைந்து கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்ப்பது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் அந்தத் தெருவையும் அங்கு சமைத்தவர்களையும் பற்றி வழிகாட்டி பேசிக்கொண்டு வருவார்.

சார்ல்ஸ்டனைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுக்காகவே போகலாம் என்பது என் கருத்து. இந்த ஊர்ச் சாப்பாடு யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை உணவகத்தின் பட்டியல் அட்டை சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாப்பிட்டால், இறாலும் மக்காச்சோளக் கஞ்சியும் கலந்த ஒரு தட்டு என்பதற்கு மேல் எதுவும் நினைவில் நிற்காது.

நியூயார்க், சிகாகோன்னு இருக்கும்போது சார்ல்ஸ்டன்ல அப்படி என்ன இருக்கு?

ஆங்கிலேயக் குடியேறிகள் 1670-இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் தொடங்கிய குடியிருப்பு, 1680-இல் ஆஷ்லி, கூப்பர் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தீபகற்பத்துக்கு இடம் மாறியது. அந்தத் தீபகற்பம்தான் இன்றைய பழைய நகரம். அமெரிக்க விடுதலைக்கு முன்பே பிரிட்டிஷ் வட அமெரிக்காவின் மிகச் செல்வமான நகரங்களில் ஒன்றாக அதை ஆக்கியது பொன்னோ பஞ்சோ அல்ல, நெல். அமெரிக்காவில் சோற்றைச் சுற்றி வளர்ந்த சமையல் உள்ள இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் மிகப் பழையது இந்தக் கடலோரத் தாழ்நிலம். சோறு உண்டு வளர்ந்த நமக்கு இங்கே வியக்கவும் உறவு கொண்டாடவும் நிறைய இருக்கிறது.

எவ்வளவு தூரம் நடக்கணும்? அம்மாவுக்கு முழங்கால் வலி.

பெரும்பாலான சுற்றுலாக்களில் மொத்தத் தூரம் இரண்டரை அல்லது மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், தரையும் சமதளம்தான். சிரமம் தூரத்தில் இல்லை, தரையின் தன்மையில் இருக்கிறது. பழைய செங்கல் நடைபாதைகளை மரவேர்கள் தூக்கிவிட்டிருக்கும். சாமர்ஸ் வீதி போன்ற சில தெருக்களில் அந்தக் காலத்துக் கப்பல்கள் எடைக்காக ஏற்றி வந்த உருண்டைக் கற்களே இன்றும் பாவியிருக்கின்றன. செருப்பைத் தவிர்த்து, பின்கட்டுள்ள ஷூ அணிவது நல்லது. சேலையில் வருகிறவர்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டிக்கொண்டால் தடுக்காது.

நின்றுகொண்டே கேட்கும் நேரம்தான் முழங்காலை அதிகம் சோதிக்கும். முன்பதிவு செய்யும்போதே ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார இடம் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். சில கடைகளில் நின்றபடியேதான் சுவைக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி என்றால் வழித்தடத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால் சில நாட்களுக்கு முன்பே தெரிவிப்பது அவசியம்.

எந்த மாசம் வந்தா நல்லது?

மார்ச் பாதியிலிருந்து மே பாதி வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் மிக இதமானவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டும்; சென்னைக்காரர்களுக்கு அந்த எண் பெரிதாகத் தெரியாது, ஆனால் கடற்காற்றின் புழுக்கமும் நம் கடற்கரை ஊர்களைப் போலவே சேர்ந்துகொள்ளும். கோடையில் வருவதாக இருந்தால் காலைச் சுற்றுலாவையே எடுங்கள். மார்ச் மாதத்தில் நடக்கும் உணவுத் திருவிழாவும், மே இறுதியில் தொடங்கும் ஸ்போலெட்டோ கலை விழாவும் ஊரை நிரப்பிவிடும் என்பதால் அந்த நாட்களுக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அன்னைக்குக் காலையில சாப்பிட்டுட்டுப் போகணுமா, வெறும் வயித்தோட போகணுமா?

இட்லி இரண்டு, காப்பி என்ற அளவில் போதும். ஒவ்வொரு கடையிலும் தருவது சிறு கிண்ணம்தான் என்றாலும் வெண்ணெயும் பாலாடையும் மிகுந்த உணவு என்பதால், முடிவில் ஒரு முழு மதியச் சாப்பாட்டுக்கு ஈடாகிவிடும். அன்றைய மதியத்துக்கு வேறெங்கும் மேசை பதிவு செய்ய வேண்டாம். தண்ணீர்ப் புட்டி கையில் இருக்கட்டும்.

என்னென்ன குடுப்பாங்க?

சுற்றுலாவுக்குச் சுற்றுலா மாறும். ஆனால் சில பண்டங்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. முதலாவது, இறாலும் கிரிட்ஸும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்து, நம் கம்பங்கூழைப் போல நெடுநேரம் கிளறிச் சமைப்பது. அதன் மேல் இறாலைக் குழம்போடு ஊற்றித் தருவார்கள். இன்று பெரிய உணவகங்களின் பெருமையாக இருக்கும் இது, ஒரு காலத்தில் மீனவர்களின் காலை உணவு. அடுத்தது, பெண் நண்டின் சினையைச் சேர்த்துக் காய்ச்சும் நண்டுச் சூப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மேயராக இருந்த குட்வின் ரெட்டின் வீட்டுச் சமையல்காரர் வில்லியம் டீஸ், குடியரசுத் தலைவர் டாஃப்டின் வருகையின்போது சினை சேர்த்து இதற்கு இன்றைய வடிவம் தந்தார் என்று சொல்லப்படுகிறது.

கொல்லர்ட் கீரை, சோள ரொட்டி, சிவப்புச் சோறு, வேகவைத்த நிலக்கடலை, பீக்கன் கொட்டையும் வெண்ணெயும் சேர்ந்த பிராலின் மிட்டாய் ஆகியவையும் வரலாம். சிவப்புச் சோறு கிட்டத்தட்ட நம் தக்காளி சாதம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலோஃப் சோற்றுக்கு நேர் உறவு. பச்சைக் கடலையை உப்புத் தண்ணீரில் தோலோடு வேகவைத்துத் தருவதைக் கண்டதும் எங்கள் அத்தைக்கு வந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். அது 2006 முதல் இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனி.

பென்னி பிஸ்கட் என்று மெல்லிய ஒன்றைத் தருவார்கள். பென்னி என்பது எள். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்த சொல் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் சிறு தோட்டங்களில் எள்ளை விதைத்துக் காப்பாற்றினார்கள். வெல்லம் போன்ற பழுப்புச் சர்க்கரையோடு அது சேரும்போது நம் எள்ளுருண்டையின் மணம் வருகிறது.

நாங்க சுத்த சைவம். எங்களுக்கு அங்க ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் முயற்சி உங்களுடையதாக இருக்க வேண்டும். இந்த ஊர்ச் சமையலில் காய்கறி நிறைய உண்டு. அதோடு பன்றிக் கொழுப்பும் உண்டு. கீரையைப் பன்றிக் காலெலும்போடுதான் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். சிவப்புச் சோற்றுக்குத் தாளிப்பே பன்றி இறைச்சிதான். காராமணியும் சோறும் சேர்ந்த ‘ஹாப்பின் ஜான்’ பெயருக்குத்தான் பயறுச் சோறு. கிரிட்ஸைச் சில கடைகளில் பாலிலும் சில கடைகளில் கோழிச் சாற்றிலும் சமைக்கிறார்கள். சோள ரொட்டியின் வாணலியில் தடவியது வெண்ணெயா கொழுப்பா என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

எங்கள் சித்தப்பா பிறந்ததிலிருந்து சைவம். ஒரு முறை அவருக்காக ‘வெஜிடேரியன்’ என்று பதிவுப் படிவத்தில் குறித்திருந்தும், இரண்டாவது கடைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கீரைதானே என்று இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகே அதில் கிடந்த இறைச்சித் துணுக்கு கண்ணில் பட்டது. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் மீதி வழி முழுவதும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அவரை அழைத்து வந்தவன் என்ற முறையில் அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். மீன் மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்று அதைப் புரிந்துகொள்வோரும் உண்டு. இறைச்சி, மீன், இறால், பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் கூடாது, முட்டை கூடுமா கூடாதா என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். முதல் நாள் தொலைபேசியில் உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு கடையிலும் தட்டு வந்ததும் ஒருமுறை கேளுங்கள். வழிகாட்டிகள் இதைத் தொல்லையாக எடுத்துக்கொள்வதில்லை. பச்சைத் தக்காளி வறுவல், மிளகாய்ப்பழம் கலந்த பாலாடைக் கட்டிப் பூச்சு, எண்ணெயில் பொரித்த வெண்டைக்காய் ஆகியவை பெரும்பாலும் மாற்றாகக் கிடைக்கும். பூச்சில் முட்டை கலந்த மயோனைஸ் இருக்கும். வறுவல்களுக்கு இறால் பொரித்த அதே எண்ணெயைப் பயன்படுத்துகிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பாலும் வெண்ணெயும் கூடாதவர்களுக்கு இந்தச் சுற்றுலாவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீன், கோழி சாப்பிடுவோம். மாடும் பன்றியும் மட்டும் வேணாம்.

உங்களுக்குச் சிக்கல் பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் கடலுணவே இந்த ஊரின் பெருமை. மேலே சொன்ன பன்றிக் கொழுப்பு எச்சரிக்கை மட்டும் அப்படியே உங்களுக்கும் பொருந்தும். இறால் குழம்பில்கூடப் பன்றித் தொத்திறைச்சியை நறுக்கிப் போடும் கடைகள் உண்டு. வெண்டைக்காய்ச் சூப்பு பல இடங்களில் மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கும்.

பையனுக்குக் கடலை அலர்ஜி. கூட்டிட்டுப் போகலாமா?

மிட்டாய்க் கடைகளில் கொட்டைத்தூள் எங்கும் படிந்திருக்கும். கடலை, பீக்கன், எள், நண்டு, இறால் என ஒவ்வாமை தரக்கூடிய அத்தனையும் இந்த ஒரே நடையில் வந்துவிடுகின்றன. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்றால் அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது. லேசானதென்றால், மருந்தோடும் சைவக் கேள்வியில் சொன்ன அதே முன்னறிவிப்போடும் வாருங்கள்.

அரிசிக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? வழிகாட்டி அதையே பேசறார்னு தம்பி சொன்னான்.

அதையே பேசுகிற வழிகாட்டி கிடைத்தது உங்கள் தம்பியின் நல்வாய்ப்பு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நெல் வேரூன்றியது. ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளுக்கு நெல் விவசாயம் தெரியாது. தெரிந்தவர்கள், செனகல், காம்பியா முதல் சியரா லியோன் வரை நீளும் மேற்கு ஆப்பிரிக்க நெற்கரையிலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள். நெற்கரையிலிருந்து வந்தவர்கள் என்று குறிப்பிட்டே அடிமை வணிகர்கள் விளம்பரம் செய்தார்கள். அவர்களுடைய அறிவு எந்த அளவுக்கு இந்த விவசாயத்தை வடிவமைத்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்களுடைய உழைப்பு பற்றி எவருக்கும் ஐயமில்லை.

அந்த உழைப்பின் அளவைத் தஞ்சை வயல்களைப் பார்த்தவர்கள் எளிதில் உணர முடியும். சதுப்பில் நின்ற சைப்ரஸ் மரங்களை வெட்டிச் சாய்த்து, கொசுவுக்கும் பாம்புக்கும் நடுவே மண்வெட்டியால் கரை கட்டி, கரையில் மதகு வைத்தார்கள். கடலில் ஏற்றம் வரும்போது அது ஆற்றின் நன்னீரை மேலே தள்ளும். அப்போது மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சி, வற்றம் வரும்போது வடித்துவிடுவார்கள். அந்த மதகுக்கு ‘டிரங்க்’ என்று பெயர். தொடக்கத்தில் அது குடைந்த அடிமரமாகவே இருந்ததால் வந்த பெயர். அறுவடைக்குப் பிறகு நெல்லை மர உரலில் உலக்கையால் குத்தினார்கள், புல்லால் முடைந்த அகன்ற சுளகில் புடைத்தார்கள். 1708-இலேயே இந்தக் குடியேற்றத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் எண்ணிக்கை மிகுந்துவிட்டது.

உமியின் பொன்னிறத்தால் ‘கரோலினா கோல்டு’ என்று பெயர் பெற்ற நெல் இது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமை உழைப்பு ஒழிந்ததும் சாகுபடி தளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் புயல்கள் அதை முடித்துவைத்தன. 1980-களில் அண்டை மாநிலமான ஜார்ஜியாவின் சவானா நகரத்துக் கண் மருத்துவர் ஒருவர் அரசு விதை வங்கியிலிருந்து நெல் பெற்றுப் பயிரிட்ட பிறகே அது மீண்டும் தட்டுக்கு வந்தது.

சாப்பிடற நேரத்துல அடிமை வரலாறு எதுக்கு? குழந்தைங்க வேற இருப்பாங்களே.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். ஆனாலும் என் விடை உறுதியானது. வட அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டினர் இந்தத் துறைமுகத்தின் வழியாக வந்தவர்கள் என்று பரவலாகக் கணிக்கப்படுகிறது. நீங்கள் உண்ணும் வெண்டைக்காயும் காராமணியும் எள்ளும் அவர்கள் வழியாக வந்தவை. அமெரிக்க ஆங்கிலத்தில் வெண்டைக்காய்க்கு உள்ள ‘ஓக்ரா’ என்ற பெயரே நைஜீரியாவின் இக்போ மொழிச் சொல். அவர்களை விட்டுவிட்டு இந்த உணவைப் பற்றிப் பேசுவது, சமைத்தவரை வாசலில் நிறுத்திவிட்டு விருந்துண்பதற்குச் சமம்.

நல்ல வழிகாட்டி இதைக் குழந்தைகளுக்கும் புரியும்படி மனிதர்களின் கதையாகவே சொல்வார். நாட் ஃபுல்லர் என்ற சமையற்கலைஞரைப் பற்றிக் கேளுங்கள். அடிமையாகப் பிறந்து, சர்ச் வீதியில் பெரும்புள்ளிகள் தேடி வந்த உணவகத்தை நடத்தியவர். போர் முடிந்த 1865-இல் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி விருந்து வைத்தவர். பத்து வயது நிரம்பிய எந்தக் குழந்தைக்கும் இது புரியும்.

அப்போ நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிக்கறது? லைசென்ஸ் இருக்கான்னு பார்க்கணுமா?

முன்பு நகராட்சியின் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே கட்டணம் பெற்று வழிகாட்ட முடியும். அந்த விதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சான்றிதழ் பெறுவது அவரவர் விருப்பமாகிவிட்டது. சான்றிதழ் உள்ளவர் ஊர் வரலாற்றைப் படித்தவர் என்று கொள்ளலாம். அது இல்லாதவர் அறியாதவர் என்று சொல்ல முடியாது.

நான் பதிவு செய்யும் முன்பு இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்பேன். கல்லா கீச்சி மக்களைப் பற்றிப் பேசுவீர்களா என்பது ஒன்று. இந்தக் கரையோரத் தீவுகளில் தங்கள் மொழியையும் சமையலையும் காத்துவந்திருக்கிற, அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். கறுப்பினத்தவர் நடத்தும் கடை ஒன்றிலாவது நிற்பீர்களா என்பது மற்றொன்று. விடை எப்படி வருகிறது என்பதிலேயே சுற்றுலாவின் தரம் தெரிந்துவிடும்.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ் கட்டாயமா?

ஒருவருக்கு நூறு டாலரை ஒட்டி எதிர்பாருங்கள். உணவு அதற்குள் அடக்கம், கூடுதல் பானங்கள் பெரும்பாலும் தனி. டிப்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை, வழக்கப்படி கட்டாயம். கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காட்டை முடிவில் வழிகாட்டியிடம் கொடுப்பது முறை. ரத்து விதிகளைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள். வண்டியைப் பழைய நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த இடம் தேடுவதைவிட, மீட்டிங் வீதியின் வருகையாளர் மையத்தருகே நிறுத்திவிட்டு இலவச டாஷ் பேருந்தில் வருவது நிம்மதி.

மழை வந்தா?

குடையோடு நடப்பார்கள்; இடியுடன் கூடிய பெருமழையென்றால் மட்டும் ஒத்திவைப்பார்கள். மழையைவிடக் கடலேற்றம்தான் இங்கே வழியை மறிக்கும். மார்க்கெட் வீதி ஒரு காலத்தில் ஓடை. அதைத் தூர்த்துத்தான் சந்தை கட்டினார்கள். அதனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றங்களில், வானம் தெளிவாக இருக்கும்போதே அங்கே கணுக்காலளவு தண்ணீர் நிற்பதுண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கறித்தூள் போட்ட கோழி ஒண்ணு இந்த ஊர்ப் பழைய சாப்பாடுன்னு சொல்றாங்களே, அது நம்ம ஊருதா?

அதன் பெயர் ‘கன்ட்ரி கேப்டன்’. வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, கறித்தூள், உலர்திராட்சை சேர்த்துச் சமைத்த கோழியைச் சோற்றின் மேல் வைத்து, வாதுமைப் பருப்பைத் தூவித் தருவார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர், உள்ளூர் என்ற பொருளில் ‘கன்ட்ரி’ என்ற சொல்லை வழங்கினர். அங்கிருந்து கப்பல் தலைவர் ஒருவர் சமையல் குறிப்பைக் கொண்டுவந்ததாகச் சார்ல்ஸ்டனும் சவானாவும் தத்தம் ஊருக்கு உரிமை கொண்டாடுகின்றன. ‘கறி’ என்ற சொல் நம்முடையது. சமையல் ஆங்கிலேய இந்தியாவினுடையது. நம் நாக்குக்கு இனிப்பாகவும் காரம் குறைவாகவும் தெரியும். எல்லாச் சுற்றுலாக்களிலும் இது வராது; வழிகாட்டியிடம் கேட்டால் கிடைக்கும் இடத்தைச் சொல்வார்.

ஊருக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

பென்னி பிஸ்கட் டப்பா எளிதில் கெடாது. சந்தையில் கல்லா பெண்கள் அமர்ந்து முடைந்து விற்கும் புல்கூடைகளின் விலை திகைக்க வைக்கும். ஆனால் ஒரு கூடைக்குப் பல நாள் வேலை ஆகிறது. நெல் புடைத்த சுளகின் அதே பின்னல் முறை தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. தயவுசெய்து அங்கே பேரம் பேச வேண்டாம்.

கரோலினா கோல்டு அரிசியை அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் ஒரு பை வாங்கிப் போகலாம். பிரஷர் குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். பழைய சார்ல்ஸ்டன் முறைப்படி, நிறைய உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசியைப் போட்டு, பதம் வந்ததும் கஞ்சியை வடித்து, மூடி சிறிது நேரம் ஆவியில் புழுங்க விடுங்கள். பருக்கை பருக்கையாக நிற்கும். எங்கள் அத்தை அதில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.